பொழிக்கரையில் நவோமிக்கு ஒரு வீடு

இமாபாரி, ஜப்பான்
12 ஜனவரி 2023

ராகேல்,

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை எண்ணை எடுத்தேன். கூப்பிட்டால் மூன்றாவது நிமிஷம் அண்ணனும் தங்கையும் கத்தத் தொடங்கிவிடுவோம். அது உனக்கும் தெரியும். அதனால்தான் மெயில். நீயும் மெயிலிலேயே எழுது.

விஷயம் இதுதான். அடுத்த வருஷத்தோடு கப்பல் பட்டறையில் எனக்கு வேலை முடிகிறது. நானும் நவோமியும் ஊரோடு வந்துவிடலாம் என்று இருக்கிறோம். மண்டைக்காட்டுக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேருகிற இடத்தில் முப்பது சென்ட் வாங்கிவிட்டேன். முருகதாஸ்தான் பார்த்து முடித்துக் கொடுத்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது கான்ட்ராக்டர். மூன்று பக்கமும் தண்ணீர் தெரியும் மனை.

அங்கே ஒரு ஜப்பான் வீடு வேண்டும். ஓட்டல்காரர்கள் வைக்கிற மூங்கிலும் காகித விளக்கும் அல்ல. நவோமி பிறந்து வளர்ந்தது உள்கடல் தீவு ஒன்றில், தண்ணீர் ஓரத்து வீட்டில். பாலம் கட்ட வந்தவர்கள் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். நினைவிலிருந்து அவளே வரைந்த பன்னிரண்டு தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். தாழ்ந்த கூரை. தண்ணீர்ப் பக்கம் வீட்டின் நீளத்துக்கு ஒரு மரத்தரை நடை. பக்கவாட்டில் இழுத்து மூடுகிற கதவுகள். பாய் விரித்த அறைகள். வாசலில் செருப்பைக் கழற்றி ஏற ஒரு கல்.

நாகர்கோவிலில் ஆர்க்கிடெக்டுகளுக்குப் பஞ்சம் இல்லை. உன்னைத்தான் கேட்கிறேன். முடியாது என்றால் ஒரு வரியில் சொல்லிவிடு.

மத்தியாஸ்

*

நாகர்கோவில்
29 ஜனவரி 2023

அண்ணனுக்கு,

ஒரு வரியில் பதில் சொல்லத்தான் இரண்டு வாரமாக முயன்றேன். வரவில்லை.

உங்கள் மெயில் வந்தபோது தக்கலையில் ஒரு அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் அனுமதிக்காக அது நான்காவது நடை. எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் சொல்லிக் காட்டுகிறது. இனி புது வேலை எடுப்பதில்லை என்று சத்தியராஜிடம் அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன். அவர் சிரித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் இதைச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வரைபடங்களைப் பார்த்தேன். அடியிலோ மீட்டரிலோ ஒரு அளவுகூட இல்லை. ஆனால் எந்த அறைக்கு எத்தனை பாய், எந்தக் கதவு எத்தனை பாய் அகலம் என்று எழுதியிருக்கிறார். அங்கே தரைப்பாய்க்கு நிலையான அளவு உண்டு. அதை வைத்தே முழு வீட்டையும் கணக்கிட முடிந்தது. கை நடுங்காத கோடு. படித்தவர்களே இப்படி வரைவது குறைவு.

முதல் யோசனையாக ஒரு படம் போட்டு அனுப்புகிறேன். காகிதக் கதவு மட்டும் வேண்டாம். மண்டைக்காட்டு உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஆஞ்சிலிப் பலகையில் வேறு ஏதாவது பார்க்கலாம். மனையைப் பார்க்காமல் போட்ட படம் இது. நமக்குள் இருக்கட்டும், யாரிடமும் கொடுக்க வேண்டாம். மார்ச்சில் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

ராகேல்

*

நாகர்கோவில்
19 மார்ச் 2023

அண்ணனுக்கு,

மூன்று பக்கமும் தண்ணீர் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மழை மாதங்களில் நான்காவது பக்கமும் தண்ணீர்தான்.

சர்வேயரோடு போனேன். மனையில் மூன்றில் இரண்டு பங்கு கண்டல் மரம், சேற்றுக்கு மேலே வேர் தூக்கி நிற்கிறது. அரசாங்கத் தாளில் அலையாத்திக் காடு என்று எழுதுவார்கள். அது நிற்கிற இடத்திலும் அதை ஒட்டியும் வீடு கட்ட முடியாது. உங்கள் முப்பது சென்டில் அது போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. முருகதாஸுக்கு இது தெரியாமல் இருக்காது.

சட்டத்தை விடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பெயர் பிரீனா. எதிர்க்கரையில் வீடு. "இஞ்சயா வீடு வைக்கப் போறிய? ஐப்பசியில ஒருக்கா வந்து பாருங்கக்கா. பொழி அடைஞ்சா எனக்க நெஞ்சு வரைக்கும் வெள்ளம் நிக்கும்" என்றாள். ஆற்றின் வாயை மணல் வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் கடலுக்குப் போக முடியாமல் பின்னால் ஏறுகிறது. ஆட்கள் சேர்ந்து மணலை வெட்டிவிடும்வரை இந்தக் கண்டல் சேறுதான் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. உங்கள் மனைக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது, அண்ணா.

ரோட்டைத் தாண்டினால் மேட்டில் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு நிற்கிறது. அங்கிருந்து தண்ணீர் தெரியும். தொட முடியாது, அவ்வளவுதான். அங்கே என்றால் அண்ணி கேட்ட வீட்டைக் கட்டித் தருகிறேன். இங்கே முடியாது. நான் மட்டும் அல்ல, யாரும் கட்டக்கூடாது.

பிரீனாவிடம் என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ராகேல்

*

இமாபாரி
8 ஏப்ரல் 2023

ராகேல்,

அப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போன வேன் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ரசலையன் வாத்தியாரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதில் இடம் இருந்தது. அவருடைய மருமகளுக்கு இல்லை. நான் பெட்டியோடு முன்னால் போய்விட்டேன். அவள் மழையில், முன்பின் தெரியாத ஒருவர் நீட்டிய குடையின் கீழ், வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்தாள். வேனில் நீ இருந்தாய்.

கல்யாணத்துக்கு முன்னால் நவோமி என்ற பெயரைக் கேட்டதும் வேதாகமத்து நகோமி என்று நினைத்துக்கொண்டு அப்பா சந்தோஷப்பட்டார். ஞானஸ்நானம் பெற்றவள் இல்லை என்று தெரிந்ததும் கடிதத்தை நிறுத்தினார். நீங்கள் யாரும் கல்யாணத்துக்கு வரவில்லை.

இப்போதும் நீ சொல்வது அதுதான். அவளுக்கு இங்கே இடமில்லை. அன்றைக்குச் சொந்தக்காரர்கள், இன்றைக்குச் சட்டமும் கண்டலும். ஆற்றோரம் முழுக்க வீடும் ரிசார்ட்டுமாக நிற்கிறது என்கிறான் முருகதாஸ். என் மனையில் மட்டும்தான் உனக்கு மரம் தெரிகிறது.

தொட முடியாத தண்ணீர் எனக்கு வேண்டாம். உன் படத்தை அவனுக்கு அனுப்பிவிட்டேன். இனி நீ சிரமப்பட வேண்டாம்.

மத்தியாஸ்

*

நாகர்கோவில்
7 நவம்பர் 2023

அண்ணனுக்கு,

இதை என் வாயால் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை பிரீனா கூப்பிட்டாள். "அக்கா, வீட்டுக்குள்ள வெள்ளம் கேறியாச்சு. எனக்க பிள்ளைக்கு இருவது நாளுதான் ஆவுது. எத்தனை வருசமா பொழி அடையுது, ஒருநாளும் வாசப்படி தாண்டினதில்ல கேட்டியளா." மழையில் போனேன். உங்கள் மனையில் கண்டல் இல்லை. வெட்டிய குற்றிகளின் மேல் ஆள் உயரத்துக்குச் செம்மண் கொட்டி நிரவியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் பரவ இடமில்லாத தண்ணீர் அந்தப் பக்கம் ஏறியிருக்கிறது. பதினோரு வீடு. கட்டில்மேல் கட்டிலைப் போட்டு அதன்மேல் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் வைத்திருந்தார்கள். பிரீனா குழந்தையை அண்டாவில் துணி விரித்துப் படுக்க வைத்து, தலையில் ஏந்தி ரோட்டுக்குக் கொண்டுவந்தாளாம். நான் போனபோது அந்தக் குழந்தை பஸ் நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

முருகதாஸ் குடையோடு நின்றிருந்தான். கேட்டதற்கு ஒரு ஃபைலை விரித்துக் காட்டினான். "என்ன மேடம் இப்படிக் கேக்குதிய? நிங்களுக்க பிளான்தானே இது? அண்ணன் தந்ததாக்கும்." நான் மனையைப் பார்க்காமல் போட்ட படம்தான். கீழே என் முத்திரை. அது நான் வைத்ததல்ல, வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியது.

பிரீனா பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். "அக்கா, இது நீங்க வரைஞ்சதா?"

"ஆமா" என்றேன்.

நேற்று ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டேன். கொட்டிய மண்ணை எடுக்க வேண்டும், வேலையை நிறுத்த வேண்டும் என்று. மனுதாரர் ராகேல். எதிரி மத்தியாஸ். இருவருக்கும் என்ன உறவு என்று எழுதுகிற இடம் அந்தத் தாளில் இல்லை. இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ராகேல்

*

இமாபாரி
8 நவம்பர் 2023

உன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டாய். இனி எழுதாதே.

*

இமாபாரி
14 ஜனவரி 2024

ராகேல்,

எழுதாதே என்று சொன்னவனே எழுதுகிறேன்.

நவோமிக்கு மறதி நோய். டாக்டர் சொல்லி இரண்டரை வருஷம் ஆகிறது. உனக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்பட்டுத் தலையாட்டுவாய், எனக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். அந்தப் பன்னிரண்டு தாளும் நோயின் ஆரம்பத்தில் வரைந்தவை. போன கோடையில் பதின்மூன்றாவதைக் கேட்டேன், கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று. பென்சிலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு "இனிமேல் என்னைக் கேட்காதே" என்றாள். அந்த வீடு அவள் தலையிலிருந்து முழுக்க அழிந்து போவதற்குள் அதைத் தரையில் நிறுத்திவிட்டால் அவள் அதற்குள் இருந்துகொள்வாள் என்று நம்பினேன். முப்பது வருஷம் இன்ஜின் ரிப்பேர் பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளுக்குத் தெளிவாக இருந்தது. வீடு என்ன ஆயிற்று என்று அவளே கேட்டாள். சொன்னேன். மண் கொட்டியதை, தண்ணீர் ஏறியதை, நீ மனுக் கொடுத்ததை. உன்னைத் திட்டித்தான் சொன்னேன். அவள் உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "தண்ணீர் புகுந்தது யாருடைய வீடு?" என்றாள். தெரியாது என்றேன். "பெயர் இருக்குமே." உன் மெயிலை மறுபடி திறந்து பார்த்து, பிரீனா என்றேன். குழந்தையையும் அண்டாவையும் சொன்னேன்.

"எங்கள் வீட்டை இடித்தவர்களுக்கும் எங்கள் பெயர் தெரியாது" என்றாள் நவோமி.

மறுநாள் அவளுக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

மண்ணை எடுத்துவிட முருகதாஸிடம் சொல்லிவிட்டேன். மழுப்புகிறான். நான் வந்து நின்றுதான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது. களைப்பாக இருக்கிறது, மக்கா.

மத்தியாஸ்

*

நாகர்கோவில்
16 ஜனவரி 2024

அண்ணா,

வேனில் இடம் இருந்தது. என் பக்கத்து சீட்டில் என் கைப்பை இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்திருந்தால் போதும். அண்ணி வாசலில் நின்று என்னைத்தான் பார்த்தார். பெரியம்மா என்ன சொல்வாரோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியம்மா பிறகு கேட்டார், "அந்தப் பிள்ளைய ஏன் ஏத்தல்ல?" என்று. இதை நான் சத்தியராஜிடம்கூடச் சொன்னதில்லை.

என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றீர்கள். அதுவும் உண்மை. பிரீனாவுக்காக எவ்வளவு, என் முத்திரைக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை. மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். நீங்கள் மண்ணை எடுத்தால் அது தானாக முடிந்துவிடும்.

வீட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் வாருங்கள். கீழே ஒரு அறையைக் காலி செய்து வைக்கிறேன். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

ராகேல்

*

நாகர்கோவில்
21 ஆகஸ்ட் 2024

அண்ணா,

அண்ணியை எங்களிடம் விட்டுவிட்டு, பணி ஓய்வுக் காரியங்களை முடிக்க நீங்கள் இமாபாரிக்குப் போய் இன்றோடு பதினேழு நாள். அண்ணி நன்றாக இருக்கிறார். உண்மையைச் சொல் என்று கேட்பீர்கள். நன்றாக என்றால், சாப்பிடுகிறார், தூங்குகிறார், சத்தியராஜை வைத்தியர் என்று நினைத்துக்கொண்டு தினமும் நாக்கை நீட்டிக் காட்டுகிறார். அவரும் பார்த்துவிட்டு "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்கிறார். "உன் அம்மா எங்கே?" என்று என்னிடம் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஆங்கிலத்தில் கேட்கிறார். செத்துப்போனார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அவர் கண் கலங்குவதைப் பார்க்க முடியவில்லை. கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். கர்த்தர் மன்னிப்பார்.

மே மாதம் நீங்கள் நின்று மண்ணை எடுத்த இடத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். குற்றிகளில் பாதிக்கு மேல் தளிர்க்கவில்லை. பிரீனாவும் இன்னும் நாலு பெண்களும் கண்டல் காய்களைக் கொண்டுவந்து ஊன்றியிருக்கிறார்கள். எத்தனை பிடிக்கும் என்று தெரியாது. பிரீனா உங்களைப் பற்றிக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க நீங்கள் அவள் வீட்டுக்குப் போயிருந்தீர்களாமே. "சாருக்கு என்ன பேசணும்னு தெரியல்ல. சாயாவக் குடிச்சிட்டு சும்மா இருந்தாரு. போகும்ப கதவுக்க கீல சரியாக்கித் தந்திட்டுப் போனாரு" என்றாள். என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை.

எழுத வந்தது வேறு. செவ்வாய்க்கிழமை தக்கலையில் வேலை. அண்ணியைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டிப்போனேன். வேலை சீக்கிரம் முடிந்தது, பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை, கண்ணாடிபோல் மின்னும் கறுத்த தரை, சுவருக்குப் பதிலாக வரிசையாக மரச்சட்டங்கள். அவற்றின் இடைவெளியில் வெயில் கோடுகோடாகத் தரையில் கிடந்தது. அண்ணி நேரே போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டங்களை விரலால் தொட்டு ஜப்பானிய மொழியில் எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

காவலாளி வந்தார். "அம்மா, இஞ்ச இருக்கப்பிடாது." நான் சைகை காட்டினேன். என்ன புரிந்துகொண்டாரோ, "செரி, ஒரு பத்து நிமிசம் இருக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம் இருந்தோம்.

அண்ணா, நாம் இந்தப் பக்கத்து மரத்திலேயே கட்டலாம். காகிதமும் வேண்டாம், கப்பலில் வருகிற எதுவும் வேண்டாம். மேட்டுத் தோப்பு இன்னும் விற்காமல் நிற்கிறது. தென்னைகளுக்கு நடுவே, ஒன்றையும் வெட்டாமல், தரையிலிருந்து இரண்டடி தூக்கி, கல்தூண் மேல் ஒரு சின்ன வீடு. நான்கு பாய் அறை இரண்டு. ஆற்றுப் பக்கம் முழுக்க மரச்சட்டம். புதிய வேலை எடுப்பதில்லை என்று சத்தியராஜிடம் மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் சிரித்தார்.

கீலைச் சரியாக்கிய கை இந்த வீட்டுக்கும் வேண்டும், சீக்கிரம் வாருங்கள்.

ராகேல்

*

மேட்டுத் தோப்பு
9 டிசம்பர் 2025

ராகேல்,

இருபது கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீ வருவாய், நேரிலேயே சொல்லலாம். ஆனால் நேரில் இதை நான் சொல்லி முடிக்க மாட்டேன்.

குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. கூரை ஒழுகவில்லை. தெற்குப் பக்கக் கதவு ஒன்று ஈரத்தில் உப்பி இறுகுகிறது, சீவிவிட்டேன். பொழி போன வாரம் அடைபட்டது. சட்டங்களுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதைப் பார்த்தோம். கண்டல் நின்ற இடம் முழுக்க மூழ்கியது. எதிர்க்கரையில் வாசல்படி வரை வந்து நின்றுவிட்டது. மூன்றாம் நாள் ஆட்கள் மணலை வெட்டினார்கள். நானும் போய் மண்வெட்டி பிடித்தேன். அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. பிரீனா பார்த்துவிட்டு, "சாரே, நீங்க கரையில நில்லுங்க, அது போதும்" என்றாள்.

நீ கேட்காமல் இருக்கிறாய், நான் சொல்லிவிடுகிறேன். நவோமிக்கு இது அவளுடைய வீடு என்று தெரியவில்லை. முதல் நாள் அந்தக் கல்லின் மேல் செருப்பைக் கழற்றி ஏறும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு ஊரில் விருந்தினர் விடுதியில் தங்கியிருப்பதாக நினைக்கிறாள். காலையில் எழுந்ததும் படுக்கையை மடித்து மூலையில் வைக்கிறாள், அடுத்து வருகிறவர்களுக்காக. என்னை விடுதிக்காரன் என்று நினைக்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் எனக்கு மிகுந்த மரியாதை கிடைக்கிறது.

ஆனால் எங்கே போகிறோம், எப்போது கிளம்புகிறோம் என்று இமாபாரியிலும் உன் வீட்டிலும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாளே, அது நின்றுவிட்டது. கேட்டு நாலைந்து நாள் ஆகிறது. வெயில் வருகிற நேரம் சட்டங்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

இன்று காலை தேநீர் கொண்டுபோய் வைத்தேன். எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். தரையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வீடு. கட்டியவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

அண்ணன்